தற்குறியின் பேரன்

“உங்கள் பாட்டனார் என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பாட்டனார் தாசில்தாராக இருந்திருந்தால் கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிடும். ஊரில் பத்துக் கோட்டை விதைப்பாடு நிலம் வைத்திருந்தாலும் அப்படியே. ஆனால் அவர் மூட்டை சுமந்தவராகவோ, பிறர் வயலில் நாற்றுக்கட்டுத் தூக்கியவராகவோ இருந்திருந்தால் பதில் வரச் சற்றுத் தாமதமாகும். “விவசாயந்தான்” என்பார்கள். அல்லது “சின்னதாக ஏதோ வியாபாரம்” என்பார்கள்.

இந்த இரண்டு சொற்களும் நம் நாட்டில் எத்தனையோ பாட்டன்மாருக்குப் போர்வையாக இருந்து உதவியிருக்கின்றன. விவசாயம் என்றால் நிலம் யாருடையது என்று மேற்கொண்டு கேட்பதில்லை. வியாபாரம் என்றால் தலையில் கூடை இருந்ததா, முன்னால் கல்லாப்பெட்டி இருந்ததா என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்பது மரியாதை ஆகாது என்று கேட்கிறவருக்கும் தெரியும். அவர் வீட்டிலும் ஒரு போர்வை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதைப் பெரிய பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதனால் எவருக்கும் பண நஷ்டம் இல்லை. போனவர் திரும்பி வந்து கோபித்துக்கொள்ளப் போவதும் இல்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் இந்தச் சிறிய தயக்கத்துக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. உழைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளை வளர்த்து, உலகம் பேசும்படியாக ஒன்றும் செய்யாமல் கண்ணை மூடிய ஒரு மனிதருக்கு அவருடைய சந்ததியார் கடன்பட்டிருக்கிறார்களா? பட்டிருந்தால் அதை எப்படித் தீர்ப்பது?

இப்போதெல்லாம் வம்ச விருட்சம் வரைவது ஒரு வழக்கமாகி வருகிறது. கைபேசியிலேயே கிளை கிளையாக வரைந்து உறவினருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அப்படி வரைந்த மரங்களில் ஒரு விசேஷத்தைப் பார்க்கலாம். மேலே போகப் போக, பாளையக்காரர் சபையில் பிரதானியாக இருந்தவரும், ராஜாவிடம் சால்வை வாங்கிய வித்துவானும் காய்த்துத் தொங்குவார்கள். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நமக்குத் தாய் தந்தையர் இருவர். பாட்டன் பாட்டிமார் நான்கு பேர். அதற்கு மேலே எட்டு. அதற்கும் மேலே பதினாறு. இப்படியே ஏறினால் பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள் வந்துவிடும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் பக்கத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வந்து உட்கார்ந்திருப்பார். ஆகையால் தலைக்கணக்கு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைத்துக்கொண்டாலும் அது ஒரு சிறு கிராமம். அந்தக் கிராமத்தில் பிரதானி எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? ஒருவர் இருந்திருக்கலாம். மற்றவர்கள் ஏர் பிடித்தார்கள், தறி நெய்தார்கள், களை பறித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், தண்ணீர் சுமந்தார்கள். அந்த ஒருவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்து, கிராமம் முழுவதையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ‘இதுதான் எங்கள் பரம்பரை’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

தென்காசிக்குப் போகிறவர்கள் காசி விசுவநாதர் கோயிலின் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. சாரல் காலத்தில் அதன் வாசலில் நின்றால், மலைக் காற்று ஆளையே தள்ளும். இந்தக் கோயிலைக் கட்டியவன் பதினைந்தாம் நூற்றாண்டில் இருந்த பராக்கிரம பாண்டியன். கோபுர வேலை முடிவதற்குள் அவன் காலம் முடிந்துவிட்டது. தம்பி குலசேகர பாண்டியன் அதை முடித்து வைத்தான் என்று வரலாறு சொல்கிறது. பராக்கிரம பாண்டியன் பெயரால் செய்யுளாகவே பொறித்த கல்வெட்டு ஒன்று அந்தக் கோயிலில் உண்டு. பின்னொரு காலத்தில் இந்த ஆலயத்துக்கு ஏதேனும் குறை வந்தால், அதை நீக்கிக் காப்பவர்கள் யாராக இருந்தாலும் சரி, உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன் என்பது அதன் கருத்து.

குறை வரத்தான் செய்தது. பழைய கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990-ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளுடன், ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு மறுபடியும் எழுந்தது. அப்படியானால் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே அரசன் பணிந்தது யாரை? முயற்சி எடுத்துப் பொருள் கொடுத்தவர்களை என்று சொல்வோம். அது சரியே. ஆனால் சாரத்தில் ஏறி நின்று காரை பூசியவனையும், செங்கல்லைத் தலைச்சுமையாக ஏற்றிய சித்தாளையும் அந்தப் பணிவிலிருந்து தள்ளிவிட முடியுமா? ‘யாராக இருந்தாலும் சரி’ என்று சொன்னவன் அரசன். அவர்களில் சிலர் இன்னும் உயிரோடிருக்கக்கூடும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் கேட்டால் “தாத்தா கட்டட வேலை பார்த்தார்” என்று மெல்லிய குரலில் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ராஜா கும்பிட்ட ஆட்களில் ஒருவருடைய பேரன் தான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

தொழிலாளியைப்பற்றி எழுதி வைத்தால் எவ்வளவு தெரியும் என்பதற்கு எகிப்து தேசத்தில் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அங்கே அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர்கள் குடியிருந்த ஊருக்கு இன்று தேர் எல் மெதினா என்று பெயர். இரண்டாம் ராம்சேஸ் என்ற மன்னனின் நாற்பதாவது ஆட்சி ஆண்டில், அதாவது ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முன்னால், அவர்கள் வேலைக்கு வராத நாட்களைச் சுண்ணாம்புக் கல் பலகை ஒன்றில் ஒரு கணக்கன் எழுதி வைத்தான். அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இன்னாரைத் தேள் கொட்டிவிட்டது, இன்னாருக்குக் கண்நோய், இன்னார் பீர் காய்ச்சப் போய்விட்டார், இன்னார் இறந்துபோன தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருக்கிறார். படிக்கும்போது அந்த மனிதர்கள் அடுத்த தெருவில் இருப்பது போல் தோன்றுகிறது. கல்லறைக்குள் பொன்னோடு படுத்த அரசனைவிடத் தேள் கொட்டியவன் நமக்கு நெருங்கியவன் ஆகிவிடுகிறான். தென்காசியில் கல் இழுத்தவர்களுக்கும் தேள் கொட்டியிருக்கும், தாய் இறந்திருப்பாள். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

எழுத்து என்றதும் ‘தற்குறி’ என்ற சொல் நினைவுக்கு வருகிறது. இன்று இது ஒரு வசைச் சொல். ஒன்றும் தெரியாதவனைத் தற்குறி என்று திட்டுகிறோம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதில் வசை இல்லை. எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் தம் கையால் போட்ட அடையாளத்துக்குத்தான் தற்குறி என்று பெயர். தன்னுடைய குறி, அவ்வளவுதான். அவர் ஒரு கீறல் போடுவார். பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவர், ‘இன்னாருடைய தற்குறிக்கு இது என் எழுத்து’ என்று எழுதிக் கொடுப்பார். அந்தக் கீறலுக்கு அவர் கட்டுப்பட்டார். நிலத்தை விற்றேன் என்றால் விற்றார். கடன் வாங்கினேன் என்றால் கொடுத்தார். எழுத்துத் தெரியாதவரின் நாணயத்துக்கு அடையாளமாக இருந்த ஒரு சொல், எழுத்துத் தெரிந்தவர்களின் வாயில் பட்டுத் திட்டாக மாறிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் தற்குறிகளின் பேரன்மார். அந்தச் சொல்லை யார்மேல் வீசினாலும் அது முதலில் நம் வீட்டுக் கூரைமேல்தான் விழும்.

‘பேரன்’ என்ற சொல்லும் இப்படியே சிந்திக்கத் தக்கது. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் அவன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் பழைய வழக்கம். ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வாழ்க்கையை விட்டுவிட்டோம். குற்றாலத்தில் ஆடி அமாவாசையன்று அருவிக்கரையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஈரத் துணியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். சாஸ்திரம் கேட்பது மூன்று தலைமுறையின் பெயர்களை. தந்தை பெயர் தடையில்லாமல் வரும். பாட்டன் பெயர், தன் பெயராகவே இருந்தால், இன்னும் எளிதாக வரும். அதற்கு மேலே ஒரு படி ஏறும்போது எத்தனையோ பேருக்கு நாக்குத் தடுக்குகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரியப்பா அருவியைப் பார்க்கிறார். பெயருக்கே இந்தக் கதி என்றால், அந்தப் பெயருக்குரியவர் காலையில் எழுந்து எங்கே போனார், சாயங்காலம் என்ன கொண்டு வந்தார் என்பதை யார் சொல்லப் போகிறார்கள்?

இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். பூட்டனார் வண்டிக்காரர். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாக மலையாளத்துக்குப் பாரம் ஏற்றிப் போவார். இங்கிருந்து அரிசியும் கருப்பட்டியும் போகும். அங்கிருந்து தேங்காயும் மிளகும் வரும். இருட்டில் ஏழெட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மலை ஏற்றத்தில் மாடு படுத்துவிட்டால் நுகத்தடிக்குத் தோள் கொடுக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் வழியில்தான் கிடக்க வேண்டும். 1904-ஆம் வருஷத்தில் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்து குகை வைத்து, பதின்மூன்று கண் பாலம் கட்டிப் போட்ட பாதை அது. 2010-ல் நிறுத்தி அகலப் பாதையாக்கி, 2018-லிருந்து மறுபடி வண்டி விட்டிருக்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் பெரும் பாக்கியம் என்று இன்று நாம் நினைக்கிறோம். அந்த ரயில் வந்த வருஷம் நம் பூட்டனாருக்கு என்ன ஆயிருக்கும்? பாரம் குறைந்திருக்கும். மாட்டை விற்றிருப்பார். விற்ற அன்று சாப்பிட்டிருக்க மாட்டார். பிறகு அறுவடைக் கூலிக்குப் போயிருப்பார்.

இனி இந்த வரலாறு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். மகன், “அப்பா வண்டி அடித்தார்” என்கிறான். பேரன், “தாத்தா வண்டிகள் வைத்திருந்தார்” என்கிறான். ஒருமை பன்மையாகிவிட்டது. கொள்ளுப் பேரன், “எங்கள் குடும்பம் அந்தக் காலத்திலேயே போக்குவரத்துத் தொழிலில் இருந்தது” என்று கல்யாணப் பந்தியில் சொல்கிறான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் மெருகு கொடுத்தார்கள். ஆனால் மெருகு ஏற ஏற மனிதர் தேய்ந்து போனார். மாட்டை விற்ற நாள் போய்விட்டது. நுகத்தடிக்குக் கொடுத்த தோள் போய்விட்டது. தொழில் கையைவிட்டுப் போன பிறகும் பிள்ளைகளைப் பட்டினி போடாமல் காப்பாற்றிய அந்த நாலைந்து வருஷம் போய்விட்டது. அவர் வாழ்க்கையில் பெருமைப்படத் தக்கது ஏதாவது இருந்ததென்றால் அது அந்த நாலைந்து வருஷந்தான். நாம் அதைத்தான் மறைத்தோம்.

மறைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை வேண்டாம். தென்காசிக்கு வடக்கே ஏறத்தாழ பத்து மைலில் கடையநல்லூர் இருக்கிறது. தறி நெய்து பிழைத்த முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர். தாது வருஷப் பஞ்சத்தின் காலத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும், தறி சோறு போடாமல் போனபோது, அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் பல குடும்பங்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறின. சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கூடிக் குடியேறினார்கள். ஆண்கள் கூலி வேலை செய்தார்கள். நம்மவர் பெரும்பாலும் ஒற்றை ஆளாகக் கடல் கடந்த காலத்தில் இவர்கள் பெண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போனார்கள். பெண்கள் சும்மா இருக்கவில்லை. மசாலா அரைத்து விற்றார்கள்.

இவர்கள் 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த வருஷமே ஜப்பானியர் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், 1946-ல், அந்தச் சங்கத்தார் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது உயர்நிலை வகுப்புகள் வரை வளர்ந்தது. 1982-ல் பள்ளி மூடப்பட்டது. ஆனால் அந்தப் பெயர் சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தில் இன்றும் வழங்குகிறது. கடையநல்லூர் தெரு என்று ஒரு தெருவும் அங்கே இருக்கிறது.

பள்ளிக்குச் சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை வைத்தார்கள், தக்க பெயர். ஆனால் அங்கே படித்த பிள்ளையின் சிலேட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது? மூட்டை சுமந்த முதுகிலிருந்தும், மிளகாய் அரைத்து எரிந்த கையிலிருந்தும் வந்தது. தங்களுக்கு எழுத்துத் தெரியாதது எவ்வளவு பெரிய இழப்பு என்று அறிந்தவர்கள் அவர்கள். நாங்கள் ஜமீன் பரம்பரை என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடம் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஜமீன் பரம்பரைக்கு ஒரு படம் மாட்டினால் போதும். அரைத்துப் பிழைத்தோம் என்பதை மறக்காதவர்களுக்குத்தான், அடுத்த தலைமுறை அரைக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

இங்கே சிலர் நியாயமாகவே குறுக்கிடுவார்கள். ‘பாட்டன் தொழிலை நினைத்துக்கொண்டிரு என்று சொல்வது குலத்தொழிலுக்கு மறுபடி வழி வகுப்பதாகாதா?’ என்று கேட்பார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1953-ஆம் ஆண்டில், ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாறுதல் செய்தார்கள். பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பது, மற்றப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுவது என்பது திட்டம். எதிர்த்தவர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் காமராஜர் பதவிக்கு வந்த பிறகு அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் கருதுகிறேன். செருப்புத் தைத்தவரின் மகன் அந்த ஊசியை மதிப்பது வேறு. அவன் கையில் அந்த ஊசியைத் திணிப்பது வேறு. தன் பேரனும் தன்னைப் போலவே வெயிலில் காய வேண்டும் என்று எந்தக் கூலிக்காரரும் வேண்டிக்கொண்டதில்லை. அவருடைய தொழிலை விட்டு வெளியே வந்தது அவருக்குச் செய்த துரோகம் அல்ல. அவர் விருப்பத்தை நிறைவேற்றியதுதான். வெளியே வந்த பிறகு, அவர் யார் என்று தெரியாதது போல் நடப்பதுதான் துரோகம்.

இன்னொரு தடையும் உண்டு. நினைவு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அடிமை முறையைச் சட்டம் கைவிட்டது கும்பெனி ஆட்சியில் 1843-ல், திருவிதாங்கூரில் 1855-ல். செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேரும்வரை மலையாள ராஜ்யத்தில் இருந்த ஊர். அந்த ராஜ்யத்தில் நிலத்தை விற்பது போலவே ஆளையும் விலை பேசி ஓலை எழுதிய காலம் ஒன்று இருந்தது. அப்படி எழுதப்பட்டவர்களின் சந்ததியார் பேசாமல் இருந்தால் அது வெட்கம் அல்ல, ஆறாத புண். ‘உன் முன்னோரின் உழைப்பைப் பெருமையோடு சொல்’ என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. பேச வேண்டிய கடமை அதிகம் இருப்பது அந்த ஓலையில் வாங்கினவனாகக் கையெழுத்துப் போட்டவரின் வீட்டாருக்கு. பாட்டனை மறைக்காதே என்றால் கூலிக்காரப் பாட்டனை மட்டும் மறைக்காதே என்று பொருள் அல்ல. கூலி கொடுக்காத பாட்டனையும் மறைக்காதே என்றுதான் பொருள்.

ஏழையாக இருந்ததனாலேயே ஒருவர் உத்தமர் ஆகிவிடுவதும் இல்லை. வண்டிக்காரப் பூட்டனார் குடித்திருப்பார், ஆச்சியை அடித்திருப்பார், மாட்டுக்குக் காட்டிய கருணையை மனைவிக்குக் காட்டாமல் இருந்திருப்பார். பெண்களின் உழைப்பை எந்தத் தலைமுறையும் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் பாட்டியின் கதை பாட்டனின் கதையைவிட இன்னும் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. ஜமீன்தாரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் கூலிக்காரரை ஏற்றி வைத்துச் சூடம் காட்டுவதனால் உண்மைக்கு ஒரு லாபமும் இல்லை. அவர் மனிதர். மனிதராகத் தெரிந்தால் போதும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கடன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நாம் தின்ற முதல் சோறு அவர் உழைப்பில் தொடங்கியது. ஆனால் அவருக்கே அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. எள்ளும் தண்ணீரும் நம் மனத்துக்கு ஆறுதல். அவருடைய கூலிப் பாக்கி அதில் தீராது. பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு இங்கே ஒரு வழி காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் வணங்கியது தனக்கு முன்னால் இருந்தவர்களை அல்ல. தான் பார்க்கவே முடியாத, இனி வரப்போகும் வேலைக்காரர்களை. பெயர் தெரியாத அவர்கள் கையில்தான் தன் கோயில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பெயர் தெரியாத முன்னோருக்கு நாம் பட்ட கடனையும், இன்று பெயர் தெரியாமல் அதே வேலையைச் செய்கிறவர்களிடந்தான் தீர்க்க முடியும்.

அவர்களைத் தேடி வெகு தூரம் போக வேண்டாம். 2019-லிருந்து தனி மாவட்டமாக இருக்கும் தென்காசிச் சீமையின் கிராமங்களில் இன்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் புகையிலைத் தூளும், விரலில் நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடித் தொழிலாளருக்கென்று 1966-லேயே தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் தூள் நெஞ்சுக்குள் போவது நிற்கவில்லை. இந்தக் கூலியில் பிள்ளைகளை என்ஜினீயரிங் படிக்க வைத்த தாய்மார் உண்டு. இன்னும் ஐம்பது வருஷம் போனால் அவர்களுடைய பேரன் எங்கேயோ ஒரு நகரத்தில் இருந்துகொண்டு, “எங்கள் பாட்டி வீட்டிலிருந்தபடியே சிறுதொழில் நடத்தினார்” என்று சொல்லக்கூடும். நாம் தேடுகிற சாதாரண முன்னோர் அதோ அந்தத் திண்ணையில், இன்னும் முன்னோர் ஆகாமல், உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்.

குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போகிறோம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் இருக்கிறார். சாரல் ஏமாற்றினால் அவர் வீட்டு அடுப்பும் ஏமாற்றிவிடும். அவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்; பேசும்போது ‘நீ’ என்கிறோம். அவர் வயதில் நமக்குச் சித்தப்பா முறை இருக்கும். அதே நாவு, ஹோட்டல் மானேஜரிடம் போனதும் ‘சார், நீங்கள்’ என்று திரும்பிக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தை யார் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள்? பாட்டனாரின் தொழிலைச் சொல்ல வந்தபோது ஒரு கணம் தயங்கினோமே, அந்தத் தயக்கந்தான் கற்றுக் கொடுத்தது. கையால் செய்யும் வேலை இழிவு என்று ஒப்புக்கொண்டால்தான் பாட்டனை மறைக்கத் தோன்றும். ஒப்புக்கொண்ட பிறகு அந்த இழிவு இறந்தவரோடு நின்றுவிடுவதில்லை. உயிரோடு எதிரே நிற்கிறவர்மேல் வந்து விழுகிறது. ஆகையால் யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று முதலில் சொன்னது சரியல்ல. அந்த நஷ்டத்தை நம் வாசலில் மூட்டை இறக்குகிறவர் தினமும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் செய்யலாம், செலவில்லாத காரியம். வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதலில், “அதெல்லாம் இப்ப எதுக்குலே கேக்கே?” என்றுதான் சொல்லுவாள். விடக்கூடாது. பூட்டனார் என்ன சுமந்தார், எவ்வளவு கூலி வாங்கினார், காலையில் எதைக் குடித்துவிட்டுப் போனார், எதற்குப் பயந்தார், யாரிடம் கடன்பட்டார், அதைத் திருப்பிக் கொடுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆச்சியின் உழைப்பையும் அப்படியே கேளுங்கள். அதை ஒருவரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டதை மெருகில்லாமல் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அந்தப் பழைய பத்திரங்களில் எங்கேயாவது பாட்டனாரின் கீறல் ஒன்று இருக்கும். ‘இன்னாருடைய தற்குறிக்கு இது என் எழுத்து’ என்று அன்று எழுதிக் கொடுத்தவர் யாரோ ஓர் அயலார். இன்று அதை எழுத வீட்டிலேயே ஆள் இருக்கிறது.